ஏழரை மணி இலத்தீன் வகுப்பு: மகளின் முதல் தவணை பற்றி

எங்கள் மகள் 8ஆம் தரம், தமிழ் மொழிமூலம். இந்த வருடம் ஜனவரியில் தொடங்கி மார்ச் கடைசி வரை ஞாயிறு இரவுகளில் ஒன்லைனில் இலத்தீன் படித்தாள். மொத்தம் 12 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், ஸூமில், ஆறே ஆறு பிள்ளைகள், இங்கிலாந்தில் இருந்து ஒரு மிஸ். வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கிறவர்களில் இருந்து மகளுடைய வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் வரை கனபேர் "உது எப்பிடி, காசுக்குப் பெறுமதியோ?" என்று கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே அமைப்பில் வகுப்பு நடத்துகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் எவரிடம் சேர்ந்தாலும் பொருந்தும்.

ஏன் இலத்தீன் என்பதை முதலில் சொல்லவேண்டும். போன ஓகஸ்ட் விடுமுறைக்குப் பேராதனைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மரத்துக்கு மரம் இருக்கிற பெயர்ப் பலகையை ஒன்று விடாமல் வாசித்துக்கொண்டு வந்தவள் கறுவா மரத்துக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டாள். "அம்மா, இதில ஸெய்லானிக்கும் எண்டு கிடக்கு, அங்கால ஒரு செடியில ஸெய்லானிக்கா எண்டு இருந்தது. எது பிழை?" இரண்டுமே இலங்கையைக் குறிக்கிற சொல் என்பது எனக்குத் தெரியும், வால் ஏன் மாறுகிறது என்று தெரியாது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் இரண்டும் சரி. கறுவாவுக்கு முன்பு இருந்த பெயர் சின்னமோமும் ஸெய்லானிக்கும், கொடிவேலிக்கு பிளம்பாகோ ஸெய்லானிக்கா, எங்கள் பக்கத்து வளவு மாமரத்தில் இருந்து கத்துகிற குக்குறுவானுக்கு சைலோபோகொன் ஸெய்லானிக்குஸ். பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா இரண்டும் இல்லாததா என்பதைப் பார்த்து அடைமொழியும் உஸ், ஆ, உம் என்று வாலை மாற்றிக்கொள்கிறது. கறுவாவுக்கு இப்போது வழங்குகிற பெயர் சின்னமோமும் வேரும், வேரும் என்றால் உண்மையான என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து பிள்ளை என்னை விடவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒரு இலவச மொழிச் செயலியில் படித்தாள். சொற்கள் நிறையப் பிடிபட்டன. ஆனால் புவெல்ல என்றால் சிறுமி, அது சில வசனங்களில் புவெல்லம் என்று வருகிறது, ஏன் என்று செயலி விளக்கவில்லை, இவளுக்கோ ஏன் என்று தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போக மனம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் காசு கொடுத்துச் சேர்த்தோம்.

வகுப்பு நடக்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் பத்து நிமிடம் போன கிழமைப் பாடத்தை வாயால் சொல்லவேண்டும், பிறகு புதிதாக ஒரு இலக்கணம், அது முடிய ஒரு சின்னக் கதை, ஆளுக்கொரு வசனம் வாசித்து அர்த்தம் சொல்லவேண்டும். பிழை விட்டால் மிஸ் சரியான பதிலைத் தூக்கிக் கொடுக்க மாட்டா. "அந்தச் சொல்லின் கடைசி எழுத்தைப் பார், அது ஏன் அங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பா. ஆறு பிள்ளைகளும் கமராவுக்கு முன்னால் பேசாமல் இருக்கிற அந்த அரை நிமிடத்தைக் கடையில் வாங்க முடியாது. பிள்ளை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டு யோசிக்கிறதைப் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தேன், செயலியில் கை தட்டித் தட்டிப் போகிறபோது அந்த முகம் இல்லை.

ஆனால் நாலாவது கிழமை அழுதுகொண்டு எழும்பினாள். எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிற வகுப்பு. டைரக்ட் ஒப்ஜெக்ட், இன்டைரக்ட் ஒப்ஜெக்ட், ப்ரெபொசிஷன் என்று மிஸ் சொல்லச் சொல்ல இவள் முதலில் அந்த ஆங்கிலச் சொல்லை விளங்கிக்கொண்டு, பிறகு இலத்தீனை விளங்கிக்கொண்டு, அதற்குள் மற்றப் பிள்ளைகள் பதில் சொல்லிவிடுகிறார்கள். நிறுத்திவிடுவோமோ என்றுகூட நினைத்தேன். இரவு சாப்பிட்ட பிறகு மேசையில் கொப்பியை விரித்து வைத்து, மிஸ் கொடுத்த அட்டவணையையும் இவளுடைய பாடசாலைத் தமிழ்ப் புத்தகத்தில் வேற்றுமை உருபுகள் இருக்கிற பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அக்குசேட்டிவ் என்று மிஸ் சொல்வது நம்முடைய இரண்டாம் வேற்றுமை, ஐ. டேட்டிவ் நாலாம் வேற்றுமை, கு. ஜெனிட்டிவ் ஆறாம் வேற்றுமை, உடைய. வொக்கேட்டிவ் விளி வேற்றுமை, எட்டாவது. இலத்தீனில் ஆறு, நமக்கு எட்டு, நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் செய்கிற வேலையை அங்கே அப்லேட்டிவ் என்கிற ஒன்றே தலையில் சுமக்கிறது. பிள்ளை சிவப்புப் பேனையால் புவெல்லம் என்பதில் கடைசி ம்-ஐ வட்டமிட்டுப் பக்கத்தில் "ஐ" என்று எழுதினாள், எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா, சிறுமியை. அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவுதான்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பெயர்ச்சொல்லின் வால் மாறும் என்பதே புதினம், அதற்கே மிஸ் இரண்டு வகுப்பு செலவழித்தா. தமிழ்ப் பிள்ளை அதை வாய் திறந்த நாளில் இருந்து செய்துகொண்டிருக்கிறது. அமோ என்றால் நேசிக்கிறேன், அமாஸ் நேசிக்கிறாய், அமாமுஸ் நேசிக்கிறோம், நான் நீ நாங்கள் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். வினை பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வரும். அந்த மொழியில் ஆங்கிலத்து "த" (the) இல்லை, "எ" (a) இல்லை, நமக்கும் இல்லை. இத்தனை இருந்தும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனதால் நாலு கிழமை பிள்ளை வீணாகக் கஷ்டப்பட்டாள். இது வகுப்பின் குற்றம் என்று சொல்ல மாட்டேன், மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. வீட்டில் ஒருவர் தமிழ் இலக்கணப் புத்தகத்தோடு பக்கத்தில் இருந்தால் போதும், இலத்தீன் தெரிந்திருக்கவும் தேவையில்லை. எனக்குத் தெரியாது, பிள்ளையோடு சேர்ந்துதான் படித்தேன்.

உச்சரிப்பிலும் அப்படித்தான். இலத்தீனில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். வெனித் என்றால் வருகிறான், வேனித் என்றால் வந்தான். லிபெர் புத்தகம், லீபெர் சுதந்திரமானவன். பாடநூல்களில் நெடிலுக்கு மேலே ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோட்டை மற்றப் பிள்ளைகள் கவனிப்பதில்லை, காதிலும் அவர்களுக்கு வித்தியாசம் விழுவதில்லை. ஆறாவது வகுப்பில் மிஸ் இரண்டையும் மாறி மாறிச் சொல்லி எது எது என்று கேட்டபோது இவள் எட்டுக்கு எட்டும் சரியாகச் சொன்னாள். அன்றைக்கு மிஸ் "உன் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டா. தமிழ் என்று சொல்லும்போது பிள்ளை நிமிர்ந்து இருந்தாள்.

சரி, எல்லாம் சுகமாக வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிரில்லாத பொருளுக்குப் பால் இருப்பது இவளுக்கு இன்னும் ஏறவில்லை. மேசைக்கு இலத்தீனில் மென்ஸ, அது பெண்பால். "மேசை எப்பிடியம்மா பெண்? அஃறிணையெல்லோ?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, பாடமாக்கத்தான் வேண்டும். அடைமொழி மாறுவதும் அப்படி, நமக்குப் பெரிய வீடு, பெரிய பையன், பெரிய பெண் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய. அப்புறம் "உடன்", "இருந்து" போன்றவை நமக்குச் சொல்லுக்குப் பின்னால் வரும், அங்கே முன்னால் வரும்.

ஆனால் அந்த மென்ஸவால் ஒரு நல்ல காரியம் நடந்தது. நாம் சொல்கிற மேசை போர்த்துக்கீசர் கொண்டுவந்த சொல், அவர்களுக்கு அது மென்ஸவில் இருந்து வந்தது. 1505இல் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் விட்டுப்போன சொற்களை நாங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயே தேடத் தொடங்கினோம். கதிரை இலத்தீனில் கதெத்ர, அதற்கு முன் கிரேக்கம். பாண் அங்கே பானிஸ். அலுமாரி அர்மாரியும். யன்னலுக்குப் பின்னால் இருப்பது யானுவ, அதற்கு அர்த்தம் கதவு. கொட்டாஞ்சேனையில் லூசியாள் பேராலயத்தைக் கதீட்ரல் என்று ஏன் சொல்கிறோம் என்று கேட்டால், ஆயருடைய கதிரை இருக்கிற கோவில் என்பதால். காலையில் பாண் வெட்டும்போது பிள்ளை "பானிஸ், பானிஸ்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். இதெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்தது இல்லை, வகுப்பு திறந்துவிட்ட கதவால் நாங்கள் போய்ப் பார்த்தது.

என் அப்பா யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தவர். அதன் மகுட வாசகம் ஃபிதே எத் லபோரெ. விசுவாசத்தாலும் உழைப்பாலும் என்று பிள்ளை சொன்னபோது, அந்த இரண்டு "ஆல்"-உம்தான் மிஸ் சொல்கிற அப்லேட்டிவ் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ரோயல் கல்லூரியின் வாசகம் திஸ்கெ அவுத் திஸ்கேதெ, படி அல்லது போ. கொழும்பில் பஸ்ஸில் போகிறபோது எந்தப் பாடசாலையின் சின்னம் தெரிந்தாலும் இப்போது இவள் எட்டிப் பார்க்கிறாள்.

சேர்க்கிறதுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பழைய ரோம உச்சரிப்பா, கோவில் உச்சரிப்பா? எங்கள் வகுப்பு பழைய ரோம முறை. மாமா, அதாவது பிள்ளையின் அப்பப்பா, சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் பூசைக்கு உதவி செய்த பையன்களில் ஒருவர். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற பெரிய கூட்டத்துக்கு முன்னால் பூசை முழுக்க இலத்தீன், பதில்களை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தவர், அறுபது வருடம் கழித்தும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார். பரலோக மந்திரத்தில் "இன் ச்சேலிஸ்" என்று அவர் சொல்ல, "அப்பப்பா, ச்சே இல்லை, கை. கைலிஸ்" என்று இவள் திருத்த, "எங்கட சுவாமி அப்பிடித்தான் பிள்ளை சொல்லித் தந்தவர்" என்று அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. இரண்டு பேரும் சரிதான். ரோமர் காலத்தில் அந்த c எழுத்து எப்போதும் க, பின்னாளில் கோவில் வழக்கில் சில இடங்களில் ச்ச ஆனது. அடுத்த ஞாயிறு இவள் அவரைப் பக்கத்தில் இருத்தி, அவர் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் தமிழில் அர்த்தம் சொன்னாள். எத் கும் ஸ்பிரித்து துவோ, உம்முடைய ஆவியோடும். "அறுவது வருசமா இதையோ சொன்னனான்" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனிக் குறைகள். முதலாவது வீட்டுவேலை. நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு தளத்தில் வசனங்களைத் தட்டச்சு செய்யவேண்டும், கணினியே புள்ளி போடும். பிள்ளை தண்ணீர் காவுகிறாள் என்பதற்குப் புவெல்ல அக்வம் பொர்த்தத் என்று எழுதினால் சரி, அக்வம் புவெல்ல பொர்த்தத் என்று எழுதினால் சிவப்பு. தண்ணியைப் பிள்ளை காவுகிறாள் என்று நாம் சொல்வதில்லையா, ம் இருக்கும்வரை எது எங்கே நின்றாலும் பொருள் மாறாது, அதுதானே இந்த மொழியின் அழகே. பிள்ளைக்குப் புள்ளி குறைந்ததைவிடச் சரியானதைப் பிழை என்று சொன்னதுதான் வலித்தது. மிஸ்ஸுக்கு எழுதினோம், நீ எழுதியது சரி, தளத்தைத் திருத்தச் சொல்கிறேன் என்று அன்றைக்கே பதில் போட்டா. தவணை முடியும்வரை தளம் திருந்தவில்லை. நெடில் கோட்டையும் அது கணக்கெடுப்பதில்லை, வகுப்பில் அவ்வளவு கவனமாகச் சொல்லித் தந்ததை வீட்டுவேலை அழித்துவிடுகிறது. நாங்கள் பிறகு வீட்டுவேலையைக் கொப்பியில் எழுதி, படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினோம், அவ மறுக்காமல் திருத்தித் தந்தா. சொல் ஒன்றின் எல்லா வடிவமும் நெடில் கோட்டோடு பார்க்கவேண்டும் என்றால் ஆங்கில விக்சனரி நல்லது, இலவசம்.

இரண்டாவது குறைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வகுப்பு அவர்களுடைய நேரம் பிற்பகல் 2 மணி, எங்களுக்கு இரவு ஏழரை. மார்ச் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளுவார்கள், அன்றையில் இருந்து அதே 2 மணி நமக்கு ஆறரை. இலங்கையில் மணிக்கூடு மாறுவதில்லை, எனக்கு இந்த எண்ணமே வரவில்லை, அவர்களிடம் இருந்தும் ஒரு வரி வரவில்லை. அது பன்னிரண்டாவது வகுப்பு, கடைசி நாள், ஒவ்வொரு பிள்ளையும் தான் சொந்தமாக எழுதின ஐந்து வசனத்தை வாசிக்கவேண்டும். இவள் அப்பப்பாவைப் பற்றி எழுதி, மூன்று நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினவள். ஏழரைக்குத் திறந்தால் "இந்தக் கூட்டம் முடிந்துவிட்டது" என்று திரையில் வந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் காசு வாங்குகிற நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிற இந்த மாற்றத்தைச் சொல்லாமல் விடலாமா? எழுதிக் கேட்டதற்கு, நேரம் எங்கள் பக்கத்தில் மாறவில்லையே என்று அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. காசும் திரும்பி வரவில்லை, பதிலுக்கு வகுப்பும் இல்லை, பதிவு மட்டும் அனுப்பினார்கள். மிஸ் தானாகவே அடுத்த கிழமை பதினைந்து நிமிடம் ஒதுக்கி அந்த ஐந்து வசனத்தையும் கேட்டா, அதற்கு அவவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதே மிஸ் செய்த இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இலங்கையைப் பற்றி இலத்தீனில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று ஒன்பதாவது வகுப்பில் இவள் கேட்டாள். அடுத்த கிழமை மிஸ், பழைய ரோம எழுத்தாளர் பிளினியின் இயற்கை வரலாறு என்ற நூலில் 6ஆம் புத்தகத்தில் இருந்து ஒரு பகுதியை, பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி எளிமையாக்கிக் கொண்டுவந்தா. கிளோடியஸ் பேரரசனாக இருந்த காலம். அன்னியுஸ் புளோக்காமுஸ் என்கிறவர் செங்கடல் பக்கத்தில் வரி குத்தகைக்கு எடுத்திருந்தார், அவர் விடுதலை செய்த அடிமை ஒருவன் காற்றில் அடிபட்டுத் தப்ரோபனேயில், அதாவது இங்கே, கரை சேர்கிறான். ஆறு மாதத்தில் இந்த ஊர் மொழியைப் பேசப் பழகுகிறான். அவனிடம் இருந்த நாணயங்களில் வெவ்வேறு பேரரசர்களின் முகம் இருந்தும் எடை ஒன்றாகவே இருப்பதைப் பார்த்து அரசன் வியந்து, ரோமுக்கு நாலு தூதுவர்களை அனுப்புகிறான். வகுப்பில் மற்ற ஐந்து பிள்ளைகளும் எந்த நாடு என்று கேட்டபோது "நான் இருக்கிற நாடு" என்று இவள் சொன்னாள். அந்தத் தாளை அச்செடுத்து அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.

காசுக் கணக்கு: 12 வகுப்புக்கு 120 பவுண், கார்டில் கட்ட, வங்கி எடுத்ததும் சேர்த்து 46,000 ரூபாய் வந்தது. இங்கே ரியூசனுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் கூடத்தான், ஆறு பேர் வகுப்பு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கிற மிஸ் என்று பார்த்தால் எனக்கு மனக்குறை இல்லை. முழு வருடத்துக்கும் முன்கூட்டியே கட்டினால் கழிவு தருகிறோம் என்பார்கள், கட்ட வேண்டாம், ஒரு தவணை பாருங்கள். சோதனைக்கு உதவுமா என்று கேட்கிறவர்களுக்கு: நம்முடைய சாதாரண தரம் மாதிரியான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்ஈ சோதனையில் இலத்தீன் ஒரு பாடமாக இருக்கிறது, அந்த வழியில் படிக்கிற பிள்ளைக்கு இது அடித்தளமாகும், எங்கள் மகளுக்குச் சோதனை நோக்கம் இல்லை. பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டு விளங்கிக்கொள்ள முடியாது என்றால் ஒரு வருடம் பொறுங்கள். பிள்ளை தானாகக் கேட்காமல் பெற்றோரின் விருப்பத்துக்குச் சேர்ப்பதும் சரிவராது, ஞாயிறு இரவு ஏழரைக்கு விருப்பமில்லாத பிள்ளையைக் கதிரையில் இருத்தி வைத்து வாய் திறக்க வைக்க எந்த மிஸ்ஸாலும் முடியாது.

இரண்டாவது தவணைக்குக் கட்டியாயிற்று. ஏப்ரல் கடைசியில் தொடங்கியது, இப்போது ஆறரைக்கு வகுப்பு, ரேக்ஸ் (அரசன்), ரேகிஸ் (அரசனுடைய) என்று பெயர்ச்சொற்களின் மூன்றாவது வகைக்குள் போயிருக்கிறாள், இது முன்னையதைவிடக் கடினம். ஒக்டோபர் கடைசி ஞாயிறைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஆறரை திரும்ப ஏழரை ஆகும்.